கையெழுத்துக்கு முன் கட்லெட் கிடையாது

தேவநேசனுக்கு இரண்டு விஷயங்கள் புரிந்ததே இல்லை. ஒன்று, மகள் ஃபேபியோலா என்ன படிக்கிறாள் என்பது. இன்னொன்று, அது ஏன் முடிய மாட்டேன் என்கிறது என்பது. அவர் ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்ஸ் வண்டிகூட, எத்தனை சிக்னலில் நிறுத்திப் போட்டாலும், ஒருநாள் யார்டுக்குள் வந்து நின்றுவிடும். ஃபேபியின் பிஎச்.டி. நிற்கிற வழியாகத் தெரியவில்லை. அவர்கள் குடியிருக்கும் கோர்படியில், சர்ச் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர், "பிள்ள படிச்சு முடிச்சிட்டாளா?" என்று கேட்பார். "கடைசி ஸ்டேஜ்ல இருக்கா" என்பார் இவர். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஓரிருவர் பதில் தெரியாமலேயே கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார்கள்.

இன்று அந்தக் கடைசி ஸ்டேஜின் கடைசி நாள். வைவா. சோலாப்பூரில் ஒரு கல்லூரி ஃபேபிக்கு நிரந்தர வேலை கொடுத்திருக்கிறது. நாளைக் காலை அவள் முத்திரை குத்திய தேர்ச்சித் தாளோடு அங்கே போய் நிற்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டாகிவிட்டது. நாளை போகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. இதை நினைத்து தேவநேசனுக்கு ஒரு வாரமாக உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது.

வைவா என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பரீட்சைக்கு வருகிற பிள்ளையின் வீட்டார் பரீட்சை வைக்கிற பெரியவர்களுக்குப் டீக்குப் பலகாரம் கொண்டுவர வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. அதனால்தானோ என்னவோ, எல்லாச் சட்டங்களையும் விட ஒழுங்காக நடந்துவருகிறது.

அவர் மனைவி ஃப்ளோரா விடியுமுன்பே அடுப்பைப் பற்றவைத்து மட்டன் கட்லெட்டும் உருளைக்கிழங்கு வைத்த படாட்டா வடையும் போட்டு முடித்தாள். சிவப்பு மூடி போட்ட டப்பாவில் கட்லெட், பச்சை மூடி போட்ட டப்பாவில் வடை. மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, கொத்தமல்லி தூவி, ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டாள். பிறகு ஒரு கட்லெட்டை மட்டும் அலுமினியத் தாளில் மடித்து புருஷனின் சட்டைப் பையில் வைத்தாள்.

"பிள்ள காலையில ஒண்ணும் திங்காம ஓடிட்டா. முடிஞ்சதும் நெனப்பா குடுங்க. ஆளப் பாத்ததும் அள்ளிக் குடுத்திருவிய நீங்க, அதான் இத தனியா வச்சிருக்கேன்."

"நான் எங்கட்டி அள்ளிக் குடுத்தேன்?" என்றார் தேவநேசன். ஃப்ளோரா அந்தப் பையின் பொத்தானைப் போட்டுவிட்டாள். நாற்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள்.

ஆட்டோ, ஃபேபி படிக்கிற பாஷாண் பக்கம் போய்ச் சேர்வதற்குள் மகளிடமிருந்து மூன்று போன். மூன்றிலும் ஒரே விஷயம்.

"டாடி, ஸைன் ஆகற வரைக்கும் டப்பா ஓப்பன் பண்ணாதீங்க. ஏக் பீ நஹி. ஒண்ணுகூட கிடையாது. விஜய் ஞாபகம் இருக்கா? அவன் வைவால ஃபர்ஸ்ட் சாப்பாடு குடுத்துட்டான். எல்லாரும் சாப்ட்டாங்க, கை வாஷ் பண்ணாங்க, போயிட்டாங்க. அவன் பேப்பர் இன்னிக்கு வரைக்கும் ஸைன் ஆகலை. இப்ப ஹிஞ்சேவாடில கேப் ஓட்டறான். சமஜ் கயே நா?"

"சரிம்மா, சரிம்மா" என்றார் தேவநேசன். அவருக்கு விளங்கத்தான் செய்தது. விளங்கினதை அப்படியே நடத்துவது வேறு வித்தை.

சமகாலச் சமூகக் கோட்பாட்டு உயராய்வு நிலையம் ஒரு மாடிக் கட்டடம். நாம் வாழ்கிற சமூகம் எப்படிப்பட்டது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்காக அது தொடங்கப்பட்டது. கண்டுபிடிக்கும்போது சண்டை வந்து மூன்றாகப் பிரிந்துவிட்டது. நாம் இன்னும் நவீன சமூகத்தில்தான் இருக்கிறோம் என்பவர்கள் தரைத்தளத்தில். நவீனம் முடிந்து பின்நவீனத்துக்கு வந்துவிட்டோம் என்பவர்கள் மாடியில். முடியவும் இல்லை, முடியாமலும் இல்லை என்று சொல்கிற 'இன்னும் முடியாத நவீனத்துவப் பிரிவு' படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தது. தரைத்தளத்தில் ஒரே ஒரு கடிகாரம், மிகச் சரியாக ஓடியது. மாடியில் ஏழெட்டுக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது. ஆனால் வருகைப்பதிவுக்கு விரல் வைக்கிற கருவி கட்டடத்துக்கே ஒன்றுதான். அதன் நேரத்தோடு மட்டும் எந்தப் பிரிவுக்கும் தகராறு இருந்ததில்லை.

ஃபேபியின் கஷ்டம் இங்கேதான் ஆரம்பித்தது. அவளுக்கு வழிகாட்டியாக இருந்த அம்மையார் தரைத்தளத்தில் சேர்த்துக்கொண்டு, பாதியில் மனம் மாறி மாடிக்குக் குடிபோய், கடைசி அத்தியாயத்தின்போது படிக்கட்டில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே அவள் தாளில் மூன்று பிரிவுத் தலைவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டதாக நிலையத்தின் சரித்திரத்தில் தகவல் இல்லை.

"நான் உள்ள பவர்பாயிண்ட் செட் பண்றேன் டாடி. நீங்க போய் மூணு பேரையும் ஹாலுக்கு வரச் சொல்லுங்க. அவங்க ஒருத்தர் கூப்ட்டா ஒருத்தர் வர மாட்டாங்க. நீங்க வெளியாள், நீங்க கூப்ட்டா வருவாங்க" என்றாள் ஃபேபி. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தேவநேசன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இப்போதே கொடுத்துவிடலாமா என்று நினைப்பதற்குள் அவள் ஹாலுக்குள் ஓடிவிட்டாள்.

தரைத்தளத் தலைவர் பேராசிரியர் அப்யங்கர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி டப்பாக்களைப் பார்த்தார். நிலையத்தில் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினார்கள், பசித்தால் மராத்தியில். தேவநேசன் ரயில்வே இந்தியை வைத்துச் சமாளித்தார்.

"உட்காருங்கள், மிஸ்டர் தேவநேசன். நவீன சமூகம் மனிதனை ஓர் இரும்புக் கூண்டில் அடைத்துவிட்டது. எங்கே திரும்பினாலும் விதி, பதிவேடு, முத்திரை. மனிதன் மூச்சு முட்டிச் சாகிறான். இதை எதிர்த்து நான் ஆயுள் முழுவதும் எழுதிவந்திருக்கிறேன். அந்தக் கட்டுரைகள் எல்லாம் மும்மூன்று பிரதி எடுக்கப்பட்டு, எண்ணிட்டு, முத்திரை குத்தி, அந்த இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டிருக்கின்றன. படிக்க விரும்பினால் முறைப்படி விண்ணப்பிக்கலாம்."

"ரொம்ப சந்தோஷம் ஸார். ஹாலுக்கு வந்தீங்கன்னா..."

"வருவேன். இதோ பாருங்கள், இதுதான் நிலையத்தின் வட்ட முத்திரை. இது ஒரு தாளில் விழுந்துவிட்டால் விழுந்ததுதான். என்னாலேயே திரும்பப் பெற முடியாது. அந்த விதியை எழுதியதே நான். இருக்கட்டும், வெளியிலிருந்து வரும் உணவு மாதிரிப் பரிசோதனைக்கு உட்பட்டது. பச்சை மூடியைத் திறங்கள்."

ஃபேபி சொன்னது தேவநேசனுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் இந்த மனிதர் கோபித்துக்கொண்டு வராமல் போனால்? ஒரே ஒரு வடைதானே. திறந்தார்.

அப்யங்கர் ஒரு வடையைத் தின்றார். கண்ணை மூடி யோசித்தார். "ஒரு மாதிரியை வைத்துப் பொதுமுடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது" என்று அடுத்த வரிசையிலிருந்து இன்னொன்று எடுத்தார். பிறகு மூலையிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று. முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கப் பக்கத்து அறை உதவிப் பேராசிரியர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் தனித்தனியாக ஆய்வு செய்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். தேவநேசன் மூடியை மூடும்போது டப்பா கையில் லேசாக இருந்தது.

படிக்கட்டுத் திருப்பத்தில் டாக்டர் மீனல் சிர்ஸாட் உட்கார்ந்திருந்தார். மேலே போகிறவர்களையும் கீழே வருகிறவர்களையும் ஒரே மாதிரி கவலையோடு பார்ப்பது அவர் வழக்கம்.

"இரும்புக் கூண்டு என்றாரா? பாவம், அவர் இன்னும் பழைய கவலையில் இருக்கிறார்" என்றார் அவர். "இன்றைய சமூகம் அபாயங்களின் சமூகம். காற்றில் அபாயம், தண்ணீரில் அபாயம். முன்பு சமூகங்கள் செல்வத்தைப் பங்கிட்டன, இன்று அபாயத்தைப் பங்கிடுகின்றன. சிவப்பு மூடிக்குள் என்ன?"

"மட்டன் கட்லெட் மேடம். வீட்ல செஞ்சது."

"வீட்டில்!" டாக்டர் சிர்ஸாட் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மேற்பார்வை இல்லாத இடம். இதை நாங்கள் ஆராயாமல் ஹாலுக்குள் விட்டால், ஏதாவது ஆகிவிட்டால், யார் பொறுப்பு? உங்கள் மகள்தான். வைவா ரத்தாகும்."

மகள் என்று சொன்னதும் தேவநேசனுக்குக் கை தானாக மூடிக்குப் போய்விட்டது. டாக்டர் சிர்ஸாட் ஒரு கட்லெட்டை எடுத்துத் துணிச்சலாகத் தின்றார். பிறகு படியில் உட்கார்ந்திருந்த தன் ஆராய்ச்சி மாணவர்களைக் கூப்பிட்டார். "அபாயத்தை ஒருவரே சுமப்பது அநீதி" என்றார். மாணவர்கள் வரிசையில் வந்து ஆளுக்கு இரண்டு அபாயம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் தன் அறைத்தோழனுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டான். தேவநேசன், போதும் என்று சொல்ல வாயைத் திறந்தார். "சாப்பிடுங்கப்பா" என்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடம் ஆயுசு பூராவும் சொல்லிப் பழகின வாய்.

மாடியில் பேராசிரியர் ராம்பிரசாதின் அறையைக் கண்டுபிடிப்பதற்கே நேரமாகிவிட்டது. எண் போட்டால் ஒன்று முதல், இன்னொன்று கடைசி என்று உயர்வு தாழ்வு வருகிறதாம், ஆகவே கதவுகளில் எண் கிடையாது. பெயர்ப்பலகை மட்டும் இருந்தது. பித்தளையில், பட்டங்களோடு, கதவின் பாதி அகலத்துக்கு. உள்ளே அவரும் மாணவர்களும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வட்டத்தில் தலைமை என்று எதுவும் இல்லை. அவருக்குக் கீழே மட்டும் மெத்தை இருந்தது.

"வைவாவா? தேர்ச்சி, தோல்வி, இதெல்லாம் செத்துப்போன பெருங்கதைகளின் மிச்சம்" என்றார் ராம்பிரசாத். "உண்மை என்று ஒன்று இருந்தால் அல்லவா ஒருத்தி அதைச் சரியாகச் சொன்னாள், தவறாகச் சொன்னாள் என்று நான் தீர்ப்பு எழுத? என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். யாருடைய கையெழுத்து? 'நான்' என்பதே ஒரு கற்பனை. கையெழுத்து ஒரு வன்முறை."

அப்போது கூரியர்காரர் ஒரு பார்சலோடு வந்து எட்டிப் பார்த்தார். ராம்பிரசாத் எழுந்து போய், "நான்தான், நான்தான்" என்று சொல்லி, பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மெத்தையில் உட்கார்ந்தார்.

தேவநேசனின் போன் அடித்தது. ஃப்ளோரா. அழைப்பை நிறுத்தியதும் திரையில் அவள் காலையில் குடும்ப வாட்ஸாப்பில் போட்ட போட்டோ மின்னியது. ராம்பிரசாத் அதை வாங்கிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"இதோ! மாணவர்களே, பாருங்கள். இன்று அசல் என்று ஒன்று கிடையாது. இந்தப் படம்தான் நிஜமான கட்லெட். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் இதயம் போட்டிருப்பார்கள்! இந்தப் பெரியவர் டப்பாவில் தூக்கிக்கொண்டு அலைவது இந்தப் படத்தின் மங்கலான நகல், அவ்வளவுதான். சமூகம் முழுவதும் படத்துக்கு வந்துவிட்டது. வயிறு மட்டும்தான் பின்தங்கியிருக்கிறது."

"அப்போ ஹாலுக்கு வர்றீங்களா ஸார்?"

"வரலாம், வராமலும் இருக்கலாம். அந்த நகல்களை இப்படிக் கொடுங்கள்."

மங்கலான நகல்கள் தலைமை இல்லாத வட்டத்தில் கைக்குக் கை போயின. டப்பா ஒரு சுற்று, இரண்டு சுற்று போனது. மூன்றாவது சுற்றில் அது தேவநேசனிடம் வந்து நின்றபோது, அடியில் எண்ணெய் ஊறிய காகிதம் மட்டும் இருந்தது. பச்சை மூடி டப்பாவையும் யாரோ ஒரு மாணவி மரியாதையாகத் துடைத்தே கொடுத்தாள். ராம்பிரசாத் டப்பாப் பக்கம் பார்க்காமல் விரலைச் சூப்பிக்கொண்டே, "வருகிறேன்" என்றார்.

தேவநேசனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஃப்ளோராவைக் கூப்பிட்டார்.

"ஃப்ளோரா, அது வந்து... இன்னொருக்க போட முடியுமா?"

"என்னத்த?"

"எல்லாத்தையுந்தான்."

"அள்ளிக் குடுத்திட்டியளாக்கும்" என்றாள் ஃப்ளோரா. "கறி எங்க இருக்கு? இருந்தாலும் இந்த டிராபிக்ல அங்க வந்து சேர பொழுது அடைஞ்சிரும். பிள்ளகிட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல."

"சொல்லாதிய. இப்ப சொன்னா அவ படிச்சதெல்லாம் மறந்து போவா. பையில வச்சது இருக்கா?"

இருந்தது. அதை மட்டும் அவர் எவனுக்கும் காட்டவில்லை. இரண்டு காலி டப்பாக்களையும் இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஹாலின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கட்லெட் போனாலும் மணம் போகவில்லை. முன்வரிசைத் தலைகள் அடிக்கடி திரும்பிப் பார்த்தன.

வைவா தொடங்கியது. வெளித் தேர்வாளர் டில்லியிலிருந்து திரையில் தோன்றினார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அப்படியே உறைந்துபோனார். ஃபேபி இணைப்பைத் துண்டித்துத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டாள்.

"தேவையில்லை. தேர்வாளர் திரையில் இருக்க வேண்டும் என்றுதான் விதி. அசைய வேண்டும் என்று இல்லை" என்றார் அப்யங்கர்.

"துண்டித்தால் இதுவும் போய்விடும் அபாயம் இருக்கிறது" என்றார் சிர்ஸாட்.

"உறைந்த நிலையில்தான் அவர் முழுமையாக வந்திருக்கிறார்" என்றார் ராம்பிரசாத். மூன்று பிரிவுகளும் ஒத்துப்போன அந்த அபூர்வ நிமிஷத்துக்கு மாணவர்கள் கை தட்டினார்கள். வெளித் தேர்வாளர் வைவா முடிகிறவரை வாய் திறந்த வண்ணம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகப் பிற்பாடு குறிப்பில் எழுதப்பட்டது.

ஃபேபி பேசினாள். விமான் நகரிலிருந்தும் கோர்படியிலிருந்தும் ஹிஞ்சேவாடி ஐ.டி. அலுவலகங்களுக்குக் கம்பெனி கேப்பில் போகிறவர்களைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. தினமும் ஒரே வண்டியில், ஒரே இருக்கையில், நெரிசலில் மணிக்கணக்காக உட்கார்ந்து போகிறார்கள். ஒருத்தி தினமும் அழுகிறாள். ஒருத்தன் தினமும் தூங்குகிறான். பக்கத்தில் இருப்பவருக்குப் பெயர் தெரியாது. டிரைவருக்கு எல்லாம் தெரியும், அவரிடம் யாரும் பேசுவதில்லை. எல்லாரும் சேர்ந்தே போகிறார்கள், எல்லாரும் தனியாகப் போகிறார்கள்.

தேவநேசன் டப்பாவை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் ராத்திரி ராத்திரியாகத் தனியே உட்கார்ந்து போனவர் அவர். இத்தனை வருஷமாக இந்தப் பிள்ளை இதைத்தான் படித்துக்கொண்டிருந்ததா? இது அவருக்கு விளங்குகிறதே! பெருமையாக இருந்தது. எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது, மடியில் டப்பா இருந்ததால் தட்டவில்லை.

"கண்டறிந்தவை தெளிவாக இருக்கின்றன. சிக்கலே அதுதான்" என்றார் அப்யங்கர். "இது எந்தக் காலத்துச் சமூகம் என்று நீ சொல்லவில்லை. கேப்புக்குக் கால அட்டவணை இருக்கிறது. ஆகவே ஹிஞ்சேவாடி நவீனம்."

"அட்டவணைப்படி ஒரு கேப்பாவது போய்ச் சேர்ந்திருக்கிறதா? ஆகவே பின்நவீனம்" என்றார் ராம்பிரசாத்.

"போய்ச் சேராது என்று தெரிந்தேதான் முன்னாடியே கிளம்புகிறார்கள். ஆகவே இரண்டும் இல்லை" என்றார் சிர்ஸாட்.

சத்தம் உயர்ந்தது. மராத்தி வந்துவிட்டது. உறைந்த தேர்வாளரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். கடைசியில் அப்யங்கரின் கண் பின்வரிசையில் விழுந்தது. "சமூகத்தையே கேட்டுவிடுவோம். அதோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மிஸ்டர் தேவநேசன், நீங்கள் வாழ்வது நவீனத்திலா, பின்நவீனத்திலா, இன்னும் முடியாததிலா?"

ஹால் மொத்தமும் திரும்பியது. தேவநேசன் எழுந்தார். ஒன்றைச் சொன்னால் இரண்டு பேர் கையெழுத்து போய்விடும் என்பது அவருக்கே தெரிந்தது. மகளைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்தாள்.

"நான் கோர்படியில இருக்கேன் ஸார்" என்றார்.

ராம்பிரசாத் துள்ளி எழுந்தார். "காலத்தைக் கேட்டால் இடத்தைச் சொல்கிறார்! என்ன மறுப்பு!" "புதிய கோட்பாடு இது" என்றார் சிர்ஸாட். நான்காவதாக ஒரு கோர்படியப் பிரிவு தொடங்கலாம், வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு மேஜை போடலாம் என்று அப்யங்கர் கணக்குப் போட்டார். மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அப்யங்கர் தீர்மானத்தை வாசித்தார்: மாணவியின் ஆய்வு மிகச் சிறப்பானது. கோர்படியம் என்னும் புதிய கோட்பாட்டின் வெளிச்சத்தில் அதை முதலிலிருந்து திருத்தி எழுதி அடுத்த ஆண்டு கொண்டுவர வேண்டும். கையெழுத்து அப்போது.

"இப்போது தேநீர்" என்று முடித்தார். மூன்று பிரிவுகளும் ஒரே சமயத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளின.

தேவநேசன், தன் வாயாலேயே பிள்ளையின் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று உட்காரவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் தவித்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று மகளைப் பார்த்தார். ஃபேபி அழவில்லை. மைக்கை அணைத்தாள். பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்த ஹாலில் கோட்பாடு எதுவும் கலக்காத ஒரு வாக்கியம் பேசினாள்.

"ஸைன் பண்ணினாத்தான் டீ."

"என்ன?" என்றார் அப்யங்கர்.

"டாடி, டப்பாவ கெட்டியா பிடிங்க. இவங்க மூணு பேரும் ஸைன் பண்ற வரைக்கும் யார் கேட்டாலும் ஓப்பன் பண்ணாதீங்க."

இந்த ஒரு கட்டளையை நிறைவேற்றுவதில் தேவநேசனுக்குச் சிரமமே இருக்கவில்லை. இரண்டு டப்பாக்களையும் மார்போடு அணைத்துக்கொண்டார். முகம் வெளிறி, உதடு நடுங்க, கண் கலங்கி அவர் நின்ற நிலையைப் பார்த்தவர்கள், உயிர் போனாலும் இந்த மனிதர் திறக்க மாட்டார் என்று முடிவு செய்தார்கள்.

ஹாலில் சலசலப்பு. மதியம் தாண்டிவிட்டது. மூடி இடுக்கிலிருந்து மசாலா மணம் வந்துகொண்டே இருந்தது. அப்யங்கர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, ஒரு வைவா தேநீருடன்தான் முடிவடைகிறது என்று கண்டார். தேநீர் இல்லையேல் வைவா முடியாது, வைவா முடியாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. "அல்சர் அபாயம் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது" என்று டாக்டர் சிர்ஸாட் பேனாவை எடுத்து முதலில் போட்டார். ராம்பிரசாத் தாளைப் பிடுங்கி, 'நான்' என்கிற கற்பனையின் முழுப் பெயரையும் பட்டங்களோடு எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார். அப்யங்கர் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையை ஊதி, ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் தேவநேசனுக்கு யார்டில் வண்டி வந்து நிற்கிற சத்தம் போலக் கேட்டது.

ஃபேபி தாளை ஒரு முறை பார்த்தாள். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இப்ப குடுங்க டாடி."

தேவநேசன் அசையவில்லை. "டாடி?" என்றாள் மறுபடி. அவர் மெல்ல வந்து இரண்டு டப்பாக்களையும் மேஜையில் வைத்து, யார் முகத்தையும் பார்க்காமல், மூடிகளைத் திறந்தார்.

மூன்று தலைகளும் குனிந்தன. நிமிர்ந்தன. ஃபேபி அப்பாவைப் பார்த்தாள். அவள் கண் முதலில் விரிந்தது, பிறகு வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள்.

"மோசடி!" என்று அலறினார் ராம்பிரசாத். "எங்கே கட்லெட்? கட்லெட் எங்கே? நிஜமான கட்லெட் எங்கே?"

"அந்தத் தாளைத் திரும்ப வாங்குங்கள்!" என்றார் சிர்ஸாட்.

"முடியாது" என்றார் அப்யங்கர். அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "முத்திரை விழுந்துவிட்டது. விதி."

தேவநேசன் யாரையும் ஏமாற்ற நினைக்காத மனிதர். பெரிய படிப்புப் படித்தவர் பசியில் இப்படிக் கத்துவது அவருக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் கை ஒரு தடவை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு கால்சட்டைப் பைக்கு இறங்கி, போனை எடுத்து, ஃப்ளோரா போட்ட போட்டோவைத் தேடிப் பிடித்து, மறு கையையும் சேர்த்துக்கொண்டு மரியாதையாக நீட்டியது.

"இந்தாங்க ஸார். நிஜமானது இதுலதான் இருக்குன்னு சொன்னீங்க."

ராம்பிரசாத் போனை வாங்கினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். பக்கத்தில் மற்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள். போனைத் திரும்ப வாங்குவதற்கு ஃபேபி கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

ஆட்டோவில் ஏறி பாஷாண் தாண்டினார்கள். யாராவது துரத்தி வருகிறார்களா என்று தேவநேசன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னலில் வண்டி நின்றபோது ஃபேபி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, அழுது, மறுபடி சிரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளில் சாய்ந்தாள்.

"ஒண்ணுகூட மிச்சம் வைக்கலியா டாடி? எனக்கு ரொம்ப பூக் லகி ஹை. பசிக்குது."

தேவநேசன் சட்டைப் பையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்தார். டப்பாக்களை மார்போடு அணைத்ததில் கட்லெட் தட்டையாக நசுங்கியிருந்தது. ஓரம் கொஞ்சம் கருகியும் இருந்தது. ஃபேபி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாங்கிக் கடித்தாள்.

போன் அடித்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் ஃப்ளோரா. "போட்டாவளா?"

"போட்டுட்டாவ. மூணு பேரும்."

"ஸ்தோத்திரம்!" என்றாள் ஃப்ளோரா. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பழக்கம் விடாமல் கேட்டாள். "எல்லாரும் சாப்ட்டாவளா?"

தேவநேசன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

"சாப்ட்டுக்கிட்டு இருக்கா" என்றார்.